கை வரும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

2007ஆம் வருடம், ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக சேலம் முழுக்க வேப்பிலையும் கூழுமாக இருந்த வாரம். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் என்ன தெரியுமா? நோய்த்தடைக் காப்பு. கரும்பலகையில் ஆன்டிபாடி படம் வரைய வேண்டும். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இருக்குமே, அதுதான். சாக்பீஸை எடுத்தேன், விரல் மடங்கவில்லை. சாக்பீஸ் கீழே விழுந்தது. முதல் பெஞ்சுப் பெண் எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, மீதிப் பாடத்தை வாயாலேயே முடித்தேன்.

உடம்பைக் காக்கிற படை சொந்த உடம்பையே அடிக்கத் தொடங்குவதைப் பற்றி அந்தப் பாடத்தில் நாலைந்து வரிதான் இருக்கும். பரீட்சைக்கு வராது என்று ஒவ்வொரு வருடமும் அதை வேகமாகத் தாண்டிவிடுவேன். அந்த நாலைந்து வரிக்குள்தான் இப்போது பதினெட்டு வருடத்துக்கும் மேலாகக் குடியிருக்கிறேன்.

எனக்கு வந்தது முடக்குவாதம். நம் பக்கம் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். வயதானால் எலும்பு தேய்ந்து வருகிற மூட்டுவலி வேறு, இது வேறு. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை எதிரி என்று நினைத்து நம் வெள்ளணுக்கள் தாக்குகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. லூபஸ் என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு. அதில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்.

வானொலி நிலையத்தார் என்னைக் கூப்பிட்டபோது, "இந்த மாதிரி நோயோடு வாழ்கிறவர்களுக்கு வேண்டிய மன உறுதி பற்றிப் பேசுங்கள் அம்மா" என்றார்கள். ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய சண்டை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாக்பீஸ் விழுந்த பிறகு எட்டு மாதம் எனக்கு என்ன நோய் என்றே தெரியவில்லை. முதலில் பார்த்த மருத்துவர், அவர் யார் எவர் என்பது இங்கே வேண்டாம், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாதவிடாய் நிற்கிற வயசும்மா. மனசுதான் காரணம். நாலு இடம் போய் வாங்க, தைரியமா இருங்க." வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். "நீ எப்படிப்பட்ட ஆளு! இப்படி மூலையில உட்காரலாமா?" உட்காரக்கூடாதுதான். ஆனால் எழுந்திருக்க மனமே வரவில்லையே. சமையலறையில் பால் பொங்கி வழியும். பார்த்துக்கொண்டே இருப்பேன், எழுந்து போய் அடுப்பை அணைக்கத் தோன்றாது. அப்போது எனக்கிருந்த பெரிய வேதனை விரல் வலி இல்லை. நான் கோழையாகிவிட்டேன் என்ற நினைப்புதான்.

அந்த எட்டு மாதத்தில் எனக்கு என்ன நடந்தது என்று புரிய மேலும் ஏழெட்டு வருடம் ஆனது. அதைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அழற்சி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உடம்பின் காப்புப் படை சண்டை போடும் இடம் கனன்று வீங்குவதுதான் அது, வீக்கம் என்றும் அதைத்தான் சொல்வேன். ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் அதற்கு நாலு அடையாளம் எழுதி வைத்தார்: சிவப்பு, சூடு, வீக்கம், வலி. பின்னால் வந்தவர்கள் ஐந்தாவதாக 'செயல் இழப்பு' என்பதைச் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் ஆறாவதாக ஒன்று சேர்ப்பேன்: மனம் ஒடுங்குவது.

மேச்சேரிப் பக்கம் செம்மறி வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நோவு கண்ட ஆட்டை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தெர்மாமீட்டர் வைத்தா? இல்லை. மந்தையோடு சேராமல் தனியாக நிற்கும். தழை போட்டால் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். படுத்தே கிடக்கும். கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் 1988இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோயுற்ற விலங்கு ஒடுங்கிக் கிடப்பது வெறும் பலவீனத்தால் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் அதை மாற்றிச் சொன்னார். உடம்பே வகுத்துக்கொண்ட உத்தி அது. காய்ச்சலை ஏற்றிக் கிருமியோடு சண்டை போட நிறையச் சக்தி வேண்டும். அதனால் 'சாப்பிடப் போகாதே, ஓடாதே, விளையாடாதே, படு' என்று மூளைக்கு உத்தரவு போகிறது.

அந்த உத்தரவைக் கொண்டு போகிற தபால்காரர்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். வெள்ளணுக்கள் சுரக்கும் சின்னச் சின்னப் புரதங்கள். டி.என்.எஃப்., இன்டர்லூகின் ஆறு என்று ஆளுக்கொரு பெயர். ரத்தம் வழியாகவும் போவார்கள். கழுத்து வழியாக இறங்கி நெஞ்சு, வயிறு எல்லாம் போகும் வேகஸ் நரம்பைத் தட்டியும் சேதி சொல்வார்கள். சேதி கிடைத்ததும் மூளையில் டோபமைன் வேலை மந்தமாகிறது. டோபமைன் என்றால் ஒரு காரியத்தைச் செய்து பார்ப்போமே என்ற நாட்டத்தைத் தருகிற ரசாயனம். பால் பொங்கினால் எழுந்து போக வைப்பது அதுதான்.

இது மனிதருக்கும் பொருந்துமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள் சிலருக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். வேறொரு நாள் அதே ஆட்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. தடுப்பூசி போட்ட அன்று சில மணி நேரத்திலேயே மனம் லேசாகச் சுணங்கியது. மூளைப் படத்திலும் அது தெரிந்தது. 2009இல் இந்த முடிவு வந்தது. உடனே தடுப்பூசிக்குப் பயந்துவிடாதீர்கள், அது ஒரு நாள் சுணக்கம், மறுநாள் போய்விடும். நான் சொல்ல வருவது வேறு. எந்தத் துக்கமும் இல்லாத ஓர் ஆளுக்கு, லேசான அழற்சியை மட்டும் உண்டாக்கினாலே மனம் இறங்குகிறது.

சாதாரணக் காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடும், உத்தரவும் ரத்தாகிவிடும். முடக்குவாதத்தில் சண்டை முடிவதில்லை, ஏனென்றால் கிருமி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. ஆகவே தபால்காரர்கள் தினமும் வந்து அதே சேதியைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எட்டு மாதம் மூலையில் ஒடுங்கி நின்ற ஆடு நான்.

இன்னொரு ஆய்வு என்னை அசத்தியது. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் முடக்குவாதக்காரர்கள் சிலருக்கு டி.என்.எஃப். புரதத்தை மட்டும் அடக்குகிற மருந்தை ஏற்றிவிட்டு, மூளையைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் மூளையில் வலியையும் உணர்ச்சியையும் கவனிக்கிற இடங்கள் அடங்கின. மூட்டு வீக்கம் அப்போது ஒரு சுற்றுகூட வற்றவில்லை! ரத்தப் பரிசோதனையிலும் மாற்றமில்லை. 2011இல் வந்த ஆய்வு இது, சின்ன ஆய்வுதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மருந்து ஏறியதும் முதலில் விடுதலை ஆவது மூளை, அப்புறம்தான் முழங்கால். அந்த மருந்து வகையை இந்த நோய்க்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் நம் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி. இன்னொருவர் மார்க் ஃபெல்ட்மன். 1992இல் லண்டனில் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

சரி, எல்லாவற்றையும் சைட்டோகைன் தலையில் போட்டுவிடலாமா? அதுவும் தப்பு. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்கு மணி கோக்கிற பெண்ணுக்கு விரல் போனால் கூலி போகிறது. கூலி போனால் மகள் கல்லூரிக் கட்டணம் என்னாகும்? அந்தக் கவலையைத் தபால்காரர் கொண்டு வரவில்லை. முடக்குவாதக்காரர்களை முறைப்படி உட்கார வைத்து விசாரித்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுமார் 17 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு நோய் இருந்தது. அதில் எவ்வளவு வீக்கம், எவ்வளவு வறுமை, எவ்வளவு வலி என்று பிரித்துத் தராசில் போட யாராலும் முடியாது. அமெரிக்காவில் மூட்டு நோய் எதுவும் இல்லாத, சாதாரண மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்காரர்கள் 60 பேரிடம் இதே டி.என்.எஃப். அடக்கும் மருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் ரத்தத்தில் சி.ஆர்.பி., அதாவது அழற்சி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் புரதம், அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மட்டும் நன்மை தெரிந்தது. ஆக, மனச்சோர்வு எல்லாமே வீக்கம் இல்லை. ஆனால் அதில் ஒரு வகை வீக்கத்தால் வருவது.

இந்த இடத்தில் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பெயர் சொல்லமாட்டேன். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். மாதத்துக்கு ஒரு நாள் சேலத்துக்கு மருத்துவமனைக்கு இறங்கி வருவார். சீட்டுப் போடுகிற வரிசையில் எனக்குச் சிநேகம் ஆனார். எங்கள் மூட்டுநோய்க் கூடத்தில் யாரும் யாரையும் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதில்லை. "இன்னைக்கு எத்தனை மணிக்குக் கை வந்துச்சு?" என்றுதான் கேட்போம். காலையில் எழுந்ததும் விரல் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும். மெல்ல மெல்லத் தளரும். அந்தத் தளர்ச்சிக்குத்தான் 'கை வருவது' என்று பெயர். சிலருக்கு எட்டு மணிக்கு வரும், மோசமான நாளில் பதினொன்று.

அதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வீக்கத்துக்கு ஒரு கடிகாரம் உண்டு. இன்டர்லூகின் ஆறு நடு இரவுக்குப் பிறகு ஏறத் தொடங்கி, விடிகிற நேரத்தில் உச்சத்துக்குப் போகிறது. அதைத் தணிக்க உடம்பே சுரக்கும் கார்ட்டிசாலும் விடியற்காலையில்தான் ஏறுகிறது. ஆனால் இந்த நோயில் அது போதுவதில்லை. கையும் மனமும் சேர்ந்தே இறுகுகிற நேரம் விடியல்காலம். கவிஞர்கள் விடியலைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள், அவர்களில் யாருக்கும் சரவாங்கி இருந்திருக்காது.

அந்த ஏற்காட்டு அம்மாவுக்குக் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வரலாம். கை வராமல் எப்படிப் பிடிப்பது? "மூணு மணிக்கு எந்திரிச்சு வெந்நி வச்சு, கையை அதுல போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன் டீச்சர். மலைக் குளிருக்கு அது ஒரு சொகம். அஞ்சு மணிக்கு வந்துரும். வராட்டி, அக்கா மக வந்து பையைத் தூக்கிக்கும்." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். மன உறுதி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

உடம்பிலிருந்து மனத்துக்குப் போகிற வழியைச் சொன்னேன். மனத்திலிருந்து உடம்புக்கும் வழி இருக்கிறது. இங்கேதான் நாக்கைக் கொஞ்சம் அடக்கிப் பேச வேண்டும், ஏனென்றால் "நீ கவலைப்பட்டாய், அதனால்தான் உனக்கு வந்தது" என்று நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு நம்மில் நிறையப் பேர் தயாராக இருக்கிறோம். ஸ்வீடன் நாட்டில் எல்லாருடைய மருத்துவப் பதிவும் ஒழுங்காக இருக்கும். அதை வைத்து 2018இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கடும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோய்கள் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தன் உடம்பையே தாக்கும் நோய்கள் வருடத்துக்கு ஆயிரம் பேரில் சுமார் 9 பேருக்கு வந்தன. அந்த அதிர்ச்சி நோய் இல்லாதவர்களில் அது சுமார் 6 பேர். தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் ஆயிரத்தில் மூன்று பேர் கூடுதல், அவ்வளவுதான். நான் கணக்கு டீச்சர் இல்லை. இருந்தாலும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரையும் "உன் மனசால்தான் வந்தது" என்று சொல்ல முடியாது என்பது எனக்கே தெரிகிறது. பரம்பரை இருக்கிறது, புகைப்பழக்கம் இருக்கிறது, இன்னும் எத்தனையோ.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஒரு சேதி. 1995இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற அறிஞரும் அவர் குழுவும், மறதி நோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொண்ட 13 பெண்களின் கையில் மிகச் சிறிய ஒரு புண்ணை உண்டாக்கி, எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். அதே வயதுள்ள, அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட அவர்களுக்கு ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. ஒன்பது நாள்! சுமை என்பது தோள்பட்டையில் மட்டும் உட்காருவதில்லை. என் அம்மா படுக்கையில் இருந்த இரண்டு வருடத்திலும் எனக்கு நோய் அடிக்கடி கிளம்பியது. அது ஏன் என்று இந்த ஆய்வைப் படித்தபோதுதான் யோசித்தேன்.

வேகஸ் நரம்பைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். அதில் சேதி இரண்டு பக்கமும் போகிறது. மூளை அந்த நரம்பு வழியாகவே அழற்சியைத் தணிக்கவும் செய்கிறது என்பதை நியூயார்க்கில் கெவின் டிரேசி என்ற அறுவை மருத்துவர் 2000ஆம் ஆண்டுவாக்கில் காட்டினார். மற்ற மருந்து கேட்காத முடக்குவாதக்காரர்களுக்குக் கழுத்தில் சின்னக் கருவி பொருத்தி அந்த நரம்பைத் தூண்டும் சிகிச்சைக்கு 2025 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. நம்மூருக்கு எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். இதைப் பிடித்துக்கொண்டு, 'ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்தால் சரவாங்கி பறந்துவிடும்' என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. மெதுவாக மூச்சு விடுவது எனக்குத் தூக்கத்துக்கு உதவுகிறது. மாத்திரையின் வேலையை அது செய்வதில்லை.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். மன உறுதி. படித்தவர்கள் மீள்திறன் என்கிறார்கள். விழுந்தாலும் பழையபடி எழுந்து நிற்கும் திறன். அதை அளக்கக்கூட அளவுகோல் இருக்கிறது. 2003இல் கானர், டேவிட்சன் என்ற இருவர் உருவாக்கியது பேர்போனது. 25 கேள்விகள், மொத்தம் 100 மார்க். 'மாற்றம் வந்தால் என்னால் அனுசரித்துக்கொள்ள முடியும்' என்கிற மாதிரி வாக்கியங்களுக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று போட வேண்டும். பல நாடுகளில் இந்த மாதிரி நோய்க்காரர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். மார்க் குறைவாக எடுப்பவர்களிடம் மனச்சோர்வும் களைப்பும் அதிகம் காணப்படுகின்றன.

முப்பது வருடம் பரீட்சை வைத்த ஆசிரியை என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சந்தேகம். காய்ச்சலோடு பரீட்சை எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைந்தால், அந்தப் பிள்ளைக்குப் புத்தி குறைவு என்றா எழுதுவோம்? அந்தக் கேள்விகளை நான் இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை நோய் கிளம்பிய வாரம், சி.ஆர்.பி. நாற்பதைத் தாண்டியிருந்தது. இன்னொரு தடவை அது அடங்கியிருந்த சமயம். எழுதிய ஆள் ஒன்றுதான். மார்க்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் தடவை ஃபெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆளிடம், அதுவும் தன்னிடமே செய்துகொண்ட சோதனையை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குள் இருந்த கோழை அன்றைக்குக் காணாமல் போனது. என் உறுதியை வீக்கம்தான் தின்றுகொண்டிருந்தது என்பதை என் கையெழுத்திலேயே பார்த்தேன்.

இன்னும் ஒன்று. மீள்திறன் என்பது ஆளுக்குள் பொட்டலம் கட்டி வைத்திருக்கிற சரக்கு என்ற நினைப்பே சரியில்லை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞர் அவர்களுடைய நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வந்தார்கள். எப்படி என்று தோண்டிப் பார்த்ததில் அடிக்கடி தென்பட்டது என்ன? பாட்டியோ சித்தியோ ஆசிரியரோ, விட்டுக் கொடுக்காத பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார்.

ஏற்காட்டு அம்மாவிடம் திரும்புவோம். கார்த்திகை, மார்கழியில் காபிப் பழம் பறிக்கிற வேலை உச்சத்தில் இருக்கும். குளிரும் அப்போதுதான். காலை ஏழு மணிக்குப் பழம் பறிக்க அவர் விரலால் ஆகாது. என்ன செய்தார் என்று கேட்டேன். "மேஸ்திரிகிட்ட சொன்னேன். பத்து மணி வரைக்கும் களத்துல காய வச்சதைக் கெளறி விடு, அப்புறம் செடிக்கு வாடின்னாரு." அவ்வளவுதான் விஷயம். அந்த அம்மாவின் மன உறுதியில் பாதி அந்த மேஸ்திரியுடையது. கால்வாசி அக்கா மகளுடையது. மீதிதான் அவருடையது. அதுவும் மூன்று மணிக்கு எழுந்து வெந்நீர் வைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. இதே அம்மாவிடம் ஒரு கறார் மேஸ்திரி "ஏழு மணின்னா ஏழு மணி" என்று சொல்லியிருந்தால், அவரை நாம் மனம் தளர்ந்த நோயாளி என்று எழுதியிருப்போம்.

எங்கள் அப்பா அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர். இழை அறுந்தால் தறியை நிறுத்துவார், முடிச்சுப் போடுவார், மறுபடி மிதிப்பார். இழை அறுந்ததற்காகப் பாவு நூலை அவர் திட்டி நான் கேட்டதில்லை.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் மகா பாவம். எங்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். என் வீட்டில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை என்றே பெயர். தயவுசெய்து கவனியுங்கள்: வாரத்துக்கு ஒரு நாள்தான். தினசரி மாத்திரை என்று தவறாக நினைத்துச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தான கதைகள் உண்டு. எந்த நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்க விளைவைக் குறைக்க, வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுப்பார்கள்.

இந்த இரண்டு மாத்திரைக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார் என்பது தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். நம் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பு, சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திப் போனதில் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். பரீட்சையெல்லாம் நன்றாக எழுதியும் முழு மருத்துவப் பட்டம் தராமல், ஒரு படி குறைந்த பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். குடல் நோயில் உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர் அவர். அமெரிக்கா போய், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் முதலில் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் அங்கேயே உருவாக்கினார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். முதலில் ரத்தப் புற்றுநோய்க்காக. சுப்பாராவ் 1948இல் காலமானார். அந்த வகை மருந்தை முடக்குவாதத்துக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தது 1951இல். அமெரிக்க அரசு முறைப்படி அனுமதித்தது 1988இல். சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு எத்தனை வீட்டில் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையை எண்ணிப் போடுகிறார்கள்! அந்த மனிதருக்கு இது தெரியாமலே போய்விட்டது.

இதை ஏன் மன உறுதிப் பேச்சில் நுழைக்கிறேன்? வீக்கம் அடங்காதவரை எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் அது ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர் மாதிரி என்பதால்தான். முதலில் மருந்து. நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் மூட்டு சிதையாமல் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். என் எட்டு மாதம் போனது போனதுதான், என் இடது மோதிர விரல் அதற்குச் சாட்சி. காலை இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து, இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்கினால், ஆறு வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாமல் மூட்டுநோய் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், பொட்டலத்தில் பொடி விற்பவர்களிடம் போகாதீர்கள். இரண்டே நாளில் கை வந்துவிட்டது என்பார்கள், ஏனென்றால் சில பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்திருப்பார்கள். ஸ்டீராய்டை மருத்துவர் அளந்து கொடுத்தால் நல்ல மருந்துதான். தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும். தூக்கத்தையும் மனத்தையும் கலக்குகிற குணமும் அதற்கு உண்டு.

மருந்தோடு சேர்த்து மனத்துக்கும் பாருங்கள். சி.ஆர்.பி. எவ்வளவு என்று மருத்துவர் பார்க்கும்போதே, "தூக்கம் எப்படி, எதிலும் நாட்டம் இருக்கிறதா?" என்று கேட்கவில்லையென்றால் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். பக்கத்தில் மாமியார் இருந்தாலும் சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் டெலி மனஸ் என்ற அரசுத் தொலைபேசி உதவி இருக்கிறது. 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

நான் செய்கிற இன்னொரு காரியம், எழுதுவது. 1999இல் வந்த ஓர் ஆய்வில், ஆஸ்துமாவும் முடக்குவாதமும் உள்ளவர்களைத் தொடர்ந்து மூன்று நாள், இருபது இருபது நிமிடம், வாழ்க்கையில் மிகவும் வேதனைப்பட்ட விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நாலு மாதம் கழித்து மருத்துவர்கள் பார்த்தபோது அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, 47 சதவீதம், முன்னேற்றம் இருந்தது. அன்றாடத் திட்டத்தை மட்டும் எழுதியவர்களில் 24 சதவீதம். பின்னால் செய்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பலன் தந்ததா? கை வலிக்க எழுதுகிறேனே என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த எட்டு மாதத்தைப் பற்றி எழுதி முடித்த நோட்டுதான் இந்தப் பேச்சே.

வீட்டுக்காரரைச் சொன்னதும் நினைவு வருகிறது. எங்கள் வீட்டில் காபி ஃபில்டர் பித்தளை. காலையில் என்னால் திருகித் திறக்க முடியாது. வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, முடியாமல் அழுதிருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி அவர் ஒன்றும் சொல்லாமல் பொடி போட்டு, டிகாக்ஷன் இறக்கி, ஃபில்டரின் மேல் பாதியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான். "தைரியமாக இரு" என்று அவர் என்னிடம் சொல்லி நிறைய நாள் ஆகிறது.

போன மாதம் மருத்துவமனைக் கூடத்தில் அந்த ஏற்காட்டு அம்மாவைப் பார்த்தேன். ரேடியோவில் பேசப் போகிறேன் என்றதும், "காலைல கூப்பிட்டா எப்படிப் போவீங்க டீச்சர்? தாளைப் பிடிக்கணுமே. அன்னைக்கு எத்தனை மணிக்குக் கை வந்துச்சுன்னு ரேடியோலயே சொல்லிருங்க, நான் கேப்பேன்" என்றார்.

ஆறு நாற்பதுக்கு வந்ததம்மா. வணக்கம்.